தீர்ப்புக்கு முன் 'குற்றவாளி' வேண்டாம்: தமிழ்ச் செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

நாளிதழிலும் தொலைக்காட்சியிலும் இணையதளத்திலும் குற்றச் செய்திகளுக்குத் தலைப்பு வைக்கும் ஆசிரியர்களுக்கு, வணக்கம்.

மாவட்ட நீதிமன்றம் ஒன்றில் குற்றவியல் வழக்குகளை நடத்தும் வழக்கறிஞன் நான். உங்களிடம் கேட்க வந்தது ஒன்றே ஒன்றுதான். நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும் நாள் வரை எவரையும் 'குற்றவாளி' என்று எழுதாதீர்கள். அந்தச் சொல்லைத் தீர்ப்புக்கு விட்டுவையுங்கள்.

எங்கள் அலுவலகத்தில் வழக்குக் கட்டுகளோடு செய்தித் துணுக்குகளையும் சேர்த்து வைப்போம். அவை ஏறக்குறைய ஒரே அச்சில் இருக்கும். தலைப்பு: 'நகைக் கொள்ளையில் முக்கியக் குற்றவாளி சிக்கினார்'. அடுத்த பத்தி: தனிப்படை போலீசார் சந்தேகத்தின் பேரில் பிடித்து 'உரிய முறையில்' விசாரித்ததில் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். கடைசி வரி: 'இதுகுறித்து போலீசார் தொடர்ந்து விசாரித்து வருகின்றனர்.' விசாரணை இன்னும் முடியவில்லை என்று செய்தியே சொல்கிறது. தலைப்பு மட்டும் தீர்ப்பு எழுதி முடித்துவிட்டது. பெரும்பாலானோர் படிப்பதும் தலைப்பை மட்டும்தான்.

நடுவில் வரும் 'ஒப்புக்கொண்டார்' என்ற சொல்லைச் சற்று நின்று கவனியுங்கள். காவல் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்கக் கூடாது என்பது பழைய இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 25-ஆவது பிரிவு. 1872-இல் ஆங்கிலேயர் எழுதியது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் பாரதிய சாட்சியச் சட்டத்திலும் அதே விதி 23-ஆவது பிரிவாக நிற்கிறது. காவல் நிலையத்துக்குள் வாக்குமூலம் எப்படி வரும் என்று அடிமை நாட்டை ஆண்டவர்களுக்கே தெரிந்திருந்ததால்தான் அந்த விதி பிறந்தது. நீதிபதி கையால் தொடக்கூடாத அந்த வாக்குமூலத்தைத்தான் லட்சக்கணக்கான வாசகர்கள் காலைக் காப்பியோடு படித்து, 'அவனே ஒத்துக்கிட்டானாமே' என்று முடிவு கட்டுகிறார்கள்.

இது ஒரு சொல்லைப் பற்றிய மடல். அந்தச் சொல்லின் வேரைத் தொடாமல் போக முடியாது.

'குற்றம்' என்பது குறு, குறை என்ற சொற்களின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஒன்று முழுமையாக இல்லை, அதில் எங்கோ பழுது இருக்கிறது என்பதே அதன் அடிப்படைப் பொருள். மணியில் குற்றம் உண்டு, செய்யுளில் குற்றம் உண்டு. 'நெற்றிக்கண்ணைத் திறப்பினும் குற்றம் குற்றமே' என்று இன்றும் சொல்கிறோமே, அங்கே குற்றம் பாட்டில்தான் இருக்கிறது. பாடியவரைக் கூண்டில் ஏற்றும் பேச்சு அதில் கிடையாது. திருக்குறளில் 'குற்றங்கடிதல்' என்று ஒரு முழு அதிகாரமே இருக்கிறது. திருடுவதையும் கொல்வதையும் பற்றியது என்று நினைத்துத் திறந்தால் செருக்கும் சினமும் கஞ்சத்தனமும்தான் கண்ணில் படும். அவையும் ஆள்பவனிடம் உள்ள குற்றங்கள். 'தன்குற்றம் நீக்கிப் பிறர்குற்றங் காண்கிற்பின் என்குற்ற மாகும் இறைக்கு' என்பது அந்த அதிகாரத்துக் குறள். தன்னிடமுள்ள பழுதை முதலில் களைந்துவிட்டுப் பிறகு குடிமக்களின் பழுதைப் பார் என்று அரசனுக்குச் சொல்லப்பட்ட அறிவுரை அது.

சட்டத்தை மீறுவது என்ற குறுகிய பொருள் இன்று முன்னால் வந்து நிற்கிறது. அதில் தவறில்லை. சட்டத்துக்கு ஒரு சொல் வேண்டும், தமிழ் கொடுத்தது. கேடு அதன் பின்னால் ஒட்டிய 'ஆளி'யில் இருக்கிறது. ஆள் என்ற வினையிலிருந்து வருவது அந்த விகுதி. ஒன்றை உடையவர், கையாள்பவர் என்று பொருள் தரும். தொழிலாளி, அறிவாளி, படைப்பாளி, நோயாளி, கடனாளி என்ற வரிசையில் குற்றவாளியும் நிற்கிறார். நோய் தீர்ந்தால் நோயாளி இல்லை, கடன் அடைந்தால் கடனாளி இல்லை. குற்றவாளி மட்டும் தண்டனையை முழுக்கக் கழித்து வெளியே வந்த பிறகும் 'பழைய குற்றவாளி'யாக இருக்கிறார். அந்த ஒட்டு ஒருமுறை பட்டால் போவதில்லை. அதனால்தான் அதை ஒட்டும் வேலையைச் சட்டம் சாட்சி, குறுக்கு விசாரணை, வாதம் எல்லாவற்றுக்கும் பிறகு நீதிபதியின் கையில் கொடுத்தது. எங்கள் நீதிமன்றத் தமிழில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு 'எதிரி' என்று பெயர். முதல் எதிரி, இரண்டாம் எதிரி என்றுதான் ஆவணம் முழுக்க வரும். அந்தச் சொல்லுக்கு வழக்கின் எதிர்த்தரப்பு என்பதற்கு மேல் அங்கே பொருள் இல்லை. 'குற்றவாளி எனத் தீர்மானிக்கிறேன்' என்பது தீர்ப்பின் கடைசிப் பக்கங்களில்தான் முதன்முதலாக வரும். பல வழக்குகளில் வராமலே போகும்.

'கைது' என்ற சொல்லுக்கும் இதே கதிதான். அரபியிலிருந்து உருது வழியாக நம்மிடம் வந்தது. பிடித்து வைத்தல் என்பதே அதன் பொருள். கைதானவர் பிடித்து வைக்கப்பட்டவர், அவ்வளவுதான்.

'கேடி'யின் கதை இதைவிட அழுத்தமானது. கேடு என்ற தமிழ்ச் சொல்லோடு உறவு இருப்பதாகத் தோன்றும். உண்மையில் அது கே.டி. என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள். ஆங்கிலேயர் காலக் காவல் பதிவேட்டில் 'நோன் டெப்ரடேட்டர்' (Known Depredator) என்று ஒரு வகை இருந்தது. கொள்ளையடிப்பவர் என்று அறியப்பட்டவர், எனவே கண்காணிக்கப்பட வேண்டியவர் என்று காவல்துறை தன் நோட்டில் எழுதி வைத்துக்கொண்ட குறிப்பு. நிலையத்துக்குள் இருந்த குறிப்பு தெருவுக்கு வந்து வசைச் சொல்லாகி, பிறகு பிள்ளைகளைச் செல்லமாகத் திட்டும் சொல்லும் ஆகிவிட்டது. 'அறியப்பட்டவர்' என்ற சொல்லைப் பாருங்கள். யாரால் அறியப்பட்டவர், எந்தச் சாட்சியத்தால் அறியப்பட்டவர் என்ற கேள்விக்கு அந்தப் பதிவேட்டில் கட்டம் கிடையாது. இன்று நீங்கள் எழுதும் 'சரித்திரப் பதிவேடு குற்றவாளி'யும் அதே கேள்வியைத் தாண்டித்தான் அச்சேறுகிறார். சரித்திரப் பதிவேடு என்பது காவல் நிலையத்தின் கண்காணிப்பு ஏடு. அதில் பெயர் ஏறுவதும் நீதிமன்றத்தில் தண்டனை பெறுவதும் வேறு வேறு.

'குண்டர் சட்டத்தில் கைது' என்பதையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டின் 1982-ஆம் ஆண்டு 14-ஆவது சட்டம் தடுப்புக் காவல் சட்டம். இனிமேல் செய்துவிடக்கூடும் என்ற அச்சத்தில், விசாரணை இல்லாமல், 12 மாதம் வரை ஒருவரை உள்ளே வைக்க அது வழிசெய்கிறது. அந்த ஆணையில் ஒருவர் சிறைக்குப் போனதால் அவர் மீது எந்தக் குற்றமும் நிரூபணமாகிவிடாது. 'பாய்ந்தது குண்டர் சட்டம்' என்ற தலைப்பைப் பார்க்கும் வாசகருக்கு இது தெரிய வழியே இல்லை.

இனி நம் மண்ணிலேயே நடந்த பெரிய கொடுமைக்கு வருகிறேன். 'குற்றப் பரம்பரை' என்ற சொல்லைத் தமிழர் யாரும் மறக்க முடியாது. 1871-இல் வட இந்தியாவில் தொடங்கிய குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. ஒருவர் என்ன செய்தார் என்று அது கேட்கவில்லை, எந்தச் சாதியில் பிறந்தார் என்று மட்டும் கேட்டது. கள்ளர், மறவர், குறவர் என்று பல சமூகங்களை அரசு அறிவிக்கையில் சேர்த்தார்கள். ஆண்கள் கைரேகை பதிக்க வேண்டும், ஊரைவிட்டுப் போக அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும், இரவில் காவலர் கண்ணெதிரில் இருக்க வேண்டும். மக்கள் அதைக் கைரேகைச் சட்டம் என்றே சொன்னார்கள். உசிலம்பட்டிக்கு அருகே பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்த மக்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று காவல்துறை சுட்டது. மாயக்காள் என்ற பெண் உள்பட அந்த ஊர் பறிகொடுத்தவர்களின் நினைவுத்தூண் இன்றும் அங்கே நிற்கிறது. சென்னை மாகாணத்தில் 1947-இல் சட்டம் நீங்கியது, நாடு முழுக்க 1952 ஆகஸ்ட் 31-இல் நீங்கியது. அந்த மக்களுக்கு அரசு பிறகு வைத்த பெயர் சீர்மரபினர்.

சட்டம் போய் எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. திருட்டு வழக்கில் பிடிபட்டவரின் சமூகத்தைப் பெயருக்குப் பக்கத்தில் எழுதும் பழக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை. 'இந்த ஊர்க்காரர்கள் என்றாலே' என்று தொடங்கும் பெட்டிச் செய்திகளும் வருகின்றன. விசாரணை நடக்காமலே குற்றம் ஒருவரின் உடைமை ஆகிவிட்டால் அடுத்த நாள் அது அவர் பிள்ளைகளுக்குச் சொத்தாகப் போகும். குற்றப் பரம்பரை என்று சொன்னது அதைத்தான். அந்த அனுபவத்தைச் சொந்த மண்ணில் பட்ட மொழியில் எழுதுகிறவர்கள் நாம். இந்த ஒரு சொல்லில் மற்ற எவரையும்விட நாம் கவனமாக இருக்க வேண்டும்.

இதைவிடப் பழைய அனுபவம் ஒன்றும் நமக்கு உண்டு. சிலப்பதிகாரத்தைக் கற்புக் கதையாகவும் அரசியல் கதையாகவும் எத்தனையோ பேர் பேசியிருக்கிறார்கள். வழக்கறிஞன் கண்ணுக்கு அது 'கள்வன்' என்ற ஒரு சொல்லின் வழக்கு. பொற்கொல்லன் அந்தச் சொல்லை அரசனிடம் கொண்டுபோகிறான். அரசன் தேரவில்லை. சிலம்பு கள்வன் கையில் இருந்தால் கொன்று கொண்டுவரச் சொல்கிறான். கோவலனைப் பார்த்த காவலர்களுக்குச் சந்தேகம் வருகிறது. இவன் கொலைப்படு மகன் அல்லன் என்று வாய்விட்டே சொல்கிறார்கள். உடனே பொற்கொல்லன், கள்வர்கள் மந்திரம், மருந்து, நிமித்தம், தந்திரம் என்று எதையெல்லாம் கையாள்வார்கள் என நீண்ட விளக்கம் தருகிறான். கோவலனைப் பற்றி அதில் ஒரு சாட்சியம்கூட இல்லை, கள்வர்கள் பொதுவாக எப்படிப்பட்டவர்கள் என்ற பேச்சு மட்டும்தான். அந்தப் பேச்சைக் கேட்டு நின்றவர்களில் ஒருவன் வாளை வீசிவிடுகிறான். ஒருவர் பிடிபட்ட இரவில் நம் விவாத மேடைகளில் நடக்கும் பேச்சை இதோடு வைத்துப் பாருங்கள்.

கண்ணகி செய்தி கேட்டதும் முதலில் கேட்பது பழி அல்ல. 'காய்கதிர்ச் செல்வனே, கள்வனோ என் கணவன்' என்று கேட்கிறாள். அந்தச் சொல் அவளுக்கு முதலில் நீங்க வேண்டும். அவைக்கு வந்து நின்ற பிறகும் பாண்டியன் 'கள்வனைக் கோறல் கடுங்கோல் அன்று' என்கிறான். கள்வனா என்பதே கேள்வியாக இருக்கும்போது, கள்வன் என்பதையே விடையாக வைக்கிறான். பரல் உடைந்து மாணிக்கம் தெறித்த பிறகுதான் 'யானோ அரசன் யானே கள்வன்' என்று அந்தச் சொல் இடம் மாறுகிறது. கோவலனுக்கு அதனால் உயிர் வரவில்லை.

உங்கள் தரப்பு நியாயங்கள் எனக்குத் தெரியும். முதலாவது, இடம். 'குற்றம் சாட்டப்பட்டவர்' என்பது ஒரு பத்தித் தலைப்பிலும் ஓடும் எழுத்திலும் அடங்காது. உண்மைதான். இலங்கைத் தமிழ் நாளிதழ்களைப் புரட்டுங்கள். 'சந்தேகநபர் கைது', 'சந்தேகநபருக்கு விளக்கமறியல்' (நாம் நீதிமன்றக் காவல் என்பது) என்று அன்றாடம் எழுதுகிறார்கள். வாசகர் எவருக்கும் புரியாமல் போகவில்லை, தலைப்பும் நீளவில்லை. அது வேண்டாம் என்றால் 'கைதானவர்' என்று எழுதலாம். 'பிடிபட்டவர்' என்று எழுதலாம். பெயர் வெளியிடத் தடை இல்லாத வழக்கில் பெயரையே எழுதலாம். இவற்றில் எதுவும் 'முக்கியக் குற்றவாளி'யைவிட நீளமில்லை.

இரண்டாவது, காவல்துறைச் செய்திக் குறிப்பிலேயே அப்படித்தான் இருக்கிறது என்பீர்கள். அந்தக் குறிப்பு வழக்கின் ஒரு தரப்பு எழுதிய காகிதம். கட்சிக்காரர் எழுதித் தந்த அறிக்கையை அப்படியே உங்கள் குரலில் போடுவீர்களா? 'காவல்துறை தெரிவித்தது' என்ற இரண்டு சொல் இங்கேயும் வேண்டும். காவல்துறை ஊடகத்திடம் பேசும் முறைக்கு வழிகாட்டு விதிகள் வகுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே 2023 செப்டம்பரில் உள்துறை அமைச்சகத்துக்கு உத்தரவிட்டது. சிறுவர்கள் விஷயத்தில் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறது. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் அடிப்படைக் கொள்கைகளில் ஒன்று, களங்கப்படுத்தும் சொற்களைப் பயன்படுத்தக் கூடாது என்பது. அந்தச் சட்டம் 'சட்டத்துக்கு முரண்பட்ட சிறார்' என்று சொல்லும் பிள்ளையை 'இளங்குற்றவாளி' என்று எழுதுவது அந்தக் கொள்கைக்கு நேர் எதிர்.

மூன்றாவது கேள்விதான் கடினமானது. கேமராவில் பதிவாகி ஊரே பார்த்த கொலை என்றால்? குழந்தையிடம் நடந்த கொடூரம் என்றால்? உங்கள் கோபம் எனக்கும் உண்டு. இருந்தும் கேட்கிறேன். காட்சியில் தெரிவது ஒரு செயல். அது கொலையா, கொலையாகாத மரணம் விளைவித்தலா, தற்காப்பா, அந்தக் காட்சியில் இருப்பவர் இவர்தானா என்பதெல்லாம் காட்சியில் தெரியாது. தெளிவாகத் தோன்றும் வழக்கில் ஒரு சலுகை கொடுத்தால், எது தெளிவு என்பதை ஒவ்வொரு இரவும் யாரோ ஒருவர் அவசரத்தில் முடிவு செய்வார். அரசுத் தரப்புக்கும் அதில் நட்டம் உண்டு. முகத்தை மூடாமல் படம் போட்டுவிட்டால் பிறகு சிறையில் நடத்தும் அடையாள அணிவகுப்புக்கு மதிப்பில்லை. செய்தியில் படம் பார்த்துவிட்டுத்தானே அடையாளம் காட்டுகிறீர்கள் என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்பார். நானே கேட்டிருக்கிறேன். உண்மையில் குற்றம் செய்தவர் அந்த ஓட்டை வழியாக வெளியே போனால் அதில் உங்கள் புகைப்படத்துக்கும் பங்கு இருக்கும்.

பாதிக்கப்பட்டவர்கள் பக்கம் நின்றும் இதைச் சொல்கிறேன். மகளைப் பறிகொடுத்த ஒரு தாய் ஆண்டுக்கணக்கில் வாய்தாவுக்கு வாய்தா வந்து, நீதிமன்ற வராந்தாவில் உட்கார்ந்து காத்திருந்தது அந்த ஒரு சொல்லைக் கேட்கத்தான். தீர்ப்பு நாளில் நீதிபதி 'குற்றவாளி' என்று சொன்னபோது அவர் கையைக் கூப்பிக்கொண்டு நின்றதை அருகில் நின்று பார்த்தேன். கைதான முதல் நாளே உங்கள் தலைப்பு அந்தச் சொல்லைச் செலவழித்துவிட்டிருந்தது. தீர்ப்புச் செய்தி உள்பக்கத்தில் நான்கு வரியாக வந்தது. அவர் ஜெயித்தது ஊருக்குப் புதிய செய்தியாகவே இல்லை.

விடுதலைத் தீர்ப்பின்போது நடப்பது இன்னும் மோசம். 'கொலை வழக்கில் குற்றவாளிகள் விடுதலை' என்று எழுதுகிறீர்கள். இந்த வாக்கியம் தன்னைத்தானே மறுக்கிறது. குற்றவாளி என்றால் விடுதலை இல்லை, விடுதலை என்றால் குற்றவாளி இல்லை. படிப்பவருக்கு ஒரே ஒரு பொருள்தான் கிடைக்கும்: நீதிமன்றம் குற்றவாளியை விட்டுவிட்டது. என் கட்சிக்காரர் ஒருவர் திருட்டு வழக்கில் முழுமையாக விடுவிக்கப்பட்டார். தீர்ப்பு நகலை லேமினேட் செய்து வைத்திருக்கிறார். வாடகைக்கு வீடு கேட்கப் போகும்போது கொண்டுபோவார். வீட்டுக்காரர் நகலைப் படிப்பதில்லை, கைபேசியில் அவர் பெயரைத் தட்டிப் பார்க்கிறார். கைதான நாள் செய்தி, படத்தோடு, 'பலே கொள்ளையன்' என்ற தலைப்போடு முதலில் வந்து நிற்கிறது. விடுதலையான செய்தியை எவரும் போடவில்லை.

அவர் ஒருவர் அல்ல. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூன்று பங்கினருக்குத் தீர்ப்பு இன்னும் எழுதப்படவில்லை. செய்தியில் அவர்கள் எல்லோருக்கும் ஒரே பெயர் கொடுத்துவிட்டோம்.

ஆகவே கேட்கிறேன். உங்கள் நடைக் கையேட்டில் ஒரு வரி சேருங்கள்: தண்டனைத் தீர்ப்புக்கு முன் 'குற்றவாளி' இல்லை, 'கொள்ளையன்', 'கொலையாளி', 'காமுகன்' எதுவும் இல்லை. புதிதாகச் சேரும் உதவி ஆசிரியருக்கு ஒற்றும் சந்தியும் சொல்லிக்கொடுக்கும் முதல் வாரத்திலேயே இதையும் சொல்லிக்கொடுங்கள். 'ஒப்புக்கொண்டார்' என்று வரும் இடத்தில் யார் சொன்னது என்று எழுதுங்கள். கைதுச் செய்தியைப் போட்ட ஒவ்வொரு வழக்கின் எண்ணையும் குறித்து வைத்து, தீர்ப்பு வந்ததும் அதே பக்கத்தில், அதே அளவில் போடுங்கள். இணையதளத்தில் இருக்கும் பழைய செய்தியின் தலைக்கு மேல், 'இந்த வழக்கில் இவர் விடுவிக்கப்பட்டார்' என்று தேதியோடு ஒரு வரி சேருங்கள். விடுவிக்கப்பட்ட ஒருவர் தீர்ப்பு நகலோடு உங்கள் அலுவலக வாசலுக்கு வந்தால் அதை வாங்கிப் படிக்க அங்கே ஒருவர் இருக்கட்டும். எங்கள் வழக்கறிஞர் சங்கங்களும் தீர்ப்பு விவரங்களை உங்களுக்குத் தரக் கடமைப்பட்டவை. எந்தச் செய்தியாளர் கேட்டாலும் தீர்ப்பின் சாரத்தை எளிய தமிழில் எழுதித் தர நான் தயார்.

அன்புடன்,
ஒரு வழக்கறிஞன்